கறுப்புக் காய்களின் நாயகர் மகேஷ் சந்திர பானர்ஜி

பள்ளுருத்தி:

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களை வைத்திருப்பவரே முதலில் நகர்த்த வேண்டும் என்பது விதி. கறுப்புக்காரர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர். அதனால் ஆரம்பம் முதலே அவர் ஓர் அடி பின்தங்கித்தான் நிற்கிறார். பள்ளுருத்தி வெளியில் மாலை நேரத்தில் பலகை விரிக்கும் இளைஞர்களைக் கேட்டாலும், வெள்ளை யாருக்கு என்பதில்தான் முதல் வழக்கே வரும் என்பார்கள்.

இப்படிப் பின்தங்கி நிற்கும் கறுப்புக் காய்களுக்கு ஒரு புது வழி காட்டிய இந்தியர் ஒருவர் உண்டு. அவர் பெயர் மகேஷ் சந்திர பானர்ஜி. வங்காளத்து அந்தணர். சுமார் 175 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் ஆடியவர். உலகில் எந்த மொழியில் சதுரங்கப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தியத் தற்காப்பு என்ற பெயரில் ஒரு பெரிய அத்தியாயம் இருக்கும். ராஜா இந்தியத் தற்காப்பு, ராணி இந்தியத் தற்காப்பு, பழைய இந்தியத் தற்காப்பு என்று அதற்குப் பல கிளைகள் உண்டு. அந்த இந்தியப் பெயருக்குக் காரணமான மனிதர் இவர்தான்.

பெயர் நிலைத்தது நாட்டுக்கு. மனிதருக்கு நிலைத்ததா என்பது வேறு கேள்வி. அவருடைய வாழ்க்கைக் கதையே அந்தக் கேள்விக்குப் பதிலாக அமைந்திருக்கிறது.

ஐரோப்பிய விதியும் நம் விதியும்

சதுரங்கம் இந்தியாவில் பிறந்த விளையாட்டு. இங்கிருந்து பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அங்கே பல நூற்றாண்டுகளில் விதிகள் மாறின. வெள்ளையர்கள் இந்தியாவுக்கு வந்தபோது மாறிப்போன அந்த ஆட்டத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள்.

நம் நாட்டில் ஆடிய பழைய முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் பெரும்பாலும் ஒரே கட்டம்தான் போகும். ஐரோப்பிய முறையில் முதல் தடவை இரண்டு கட்டம் தாண்டலாம். கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் என்ன காயாக மாறலாம் என்பதிலும் வேறுபாடு இருந்தது. ஐரோப்பியர் விரும்பிய காயை எடுத்துக்கொள்வார்கள். நம் முறையிலோ, அந்தச் சிப்பாய் போய்ச் சேர்ந்த வரிசை எந்தக் காய்க்கு உரியதோ அந்தக் காயாகத்தான் மாறும்.

கோட்டை கட்டுவதும் அப்படியே. ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறி ராஜா பத்திரமாக மூலைக்குப் போவது ஐரோப்பிய வழக்கம். நம் முறையில் ராஜா, செக் வாங்காமல் இருந்தால், ஒரே ஒரு தடவை குதிரையைப் போல் தாவி ஒதுங்கிக்கொள்ளலாம்.

இரு முறைகளையும் இணைக்கும் முயற்சி 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடந்தது. 1814-ல் பம்பாயில் திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்ற தென்னாட்டுப் பெயர் கொண்ட பண்டிதர், ஐரோப்பிய முறைக்கு ஏற்ப எழுதிய சதுரங்கக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நம் சென்னையிலும் சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவர் குலாம் காசிம். சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே நடந்த தபால் வழிப் போட்டியில் ஆடிய அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் சேர்ந்து 1829-ல் சென்னையிலேயே ஒரு சதுரங்க நூலை வெளியிட்டார்.

மகேஷ் சந்திரர் இவர்களைப் போலப் புத்தகம் எழுதியவர் அல்லர். ஐரோப்பியப் புத்தகம் பார்த்து ஆட்டம் பழகியவரும் அல்லர். கல்கத்தாவுக்கு வெளியே, மொபசல் என்று அந்நாளில் சொல்லப்பட்ட உள்நாட்டுப் பகுதியில், நம் முறையில் ஆடிப் பழகியவர்.

எதிரே அமர்ந்தவர்

மகேஷ் சந்திரரின் பெருமையை அறிய வேண்டுமானால் எதிரே அமர்ந்தவர் யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஜான் காக்ரேன் 1798-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். தொழில் வழக்கறிஞர். 1821-ல் பாரிஸ் சென்று அக்காலத்தில் பிரெஞ்சு நாட்டின் முதல் இரண்டு ஆட்டக்காரர்களான டெஷாப்பெல், லா பூர்டொனே ஆகியோருடன் ஆடினார். 1822-ல் சதுரங்கம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 1824-ல் லண்டன் மன்றத்துக்கும் எடின்பரோ மன்றத்துக்கும் தபால் வழிப் போட்டி தொடங்கியபோது லண்டன் பக்கம் யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவர் சொல்லிக் கொடுத்த ஒரு தொடக்கம்தான் இன்று ஸ்காட்ச் ஆட்டம் என்று வழங்குகிறது. அந்தப் போட்டி முடிவதற்குள் அவர் கப்பலேறிக் கல்கத்தா வந்துவிட்டார்.

இடையில் விடுமுறையில் இங்கிலாந்து போனபோது, அந்நாளில் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரராக விளங்கிய ஸ்டான்டனுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். பெரும்பாலானவற்றில் ஸ்டான்டனே வென்றார் என்றாலும், அவருக்கு ஓயாமல் ஈடுகொடுத்து ஆடக்கூடியவர் என்ற பெயர் காக்ரேனுக்குக் கிடைத்தது. தாக்குவதே அவர் பாணி. காயைப் பலி கொடுக்கத் தயங்கமாட்டார். எதிரியின் ராஜாவை வெளியே இழுத்துப் போட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்.

அப்படிப்பட்டவர் கல்கத்தாவுக்குத் திரும்பிய பிறகு அவருக்குச் சமமாக ஆட ஆளில்லை. அங்கிருந்த ஆங்கிலேயர்கள் அவரிடம் தோற்றுத் தோற்றுச் சலித்துப்போனார்கள்.

முதல் சந்திப்பு

இந்த நிலையில் கல்கத்தா சதுரங்க மன்றத்து உறுப்பினர் ஒருவரின் காதுக்கு ஒரு செய்தி எட்டியது. மொபசலில் ஓர் அந்தணர் இருக்கிறார், அவரை இதுவரை யாரும் வென்றதில்லை என்பதே அந்தச் செய்தி. உறுப்பினர் சும்மா இருக்கவில்லை. ஆள் அனுப்பி அந்த அந்தணரை வரவழைத்து, காக்ரேன் முன் உட்கார வைத்தார்.

அப்போது வங்காளத்தில் ரயில் கிடையாது. ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் பயணி ரயில் ஓடியது 1854 ஆகஸ்ட் 15-ம் தேதிதான். அதற்கு முன் கல்கத்தா வருவதென்றால் படகும் பல்லக்கும் மாட்டு வண்டியும்தான் கதி.

தொடக்கத்தில் மகேஷ் சந்திரருக்குச் சோதனை காத்திருந்தது. ஐரோப்பிய முறையில் கோட்டை கட்டுவது எப்படி என்று அவருக்குப் பழக்கமில்லை. ஒரே நகர்த்தலில் இரண்டு காய்கள் இடம் மாறும் என்று எதிர்பாராதவர், ராஜா இருக்குமிடம் நோக்கிப் படையைத் திரட்டி வைத்திருக்கும்போது ராஜா வேறு பக்கம் போய்விட்டால் என்ன செய்வார்! விதி தெரியாததால் தோல்வி வந்தது. ஆனால் ஆட்டத்தின் பலம் மறைந்து கிடக்கவில்லை. எதிரே இருப்பவர் சாதாரண ஆள் அல்லர் என்று காக்ரேனுக்கு உடனே விளங்கிவிட்டது.

மன்றம் அவரை விடவில்லை. சம்பளம் கொடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டது. காக்ரேனுடன் ஆடுவதே அவர் வேலை.

வயிற்றுப் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, தெரியாத மொழி பேசும் இடத்தில், அவர்கள் போட்ட விதிக்கு ஏற்பத் தன் திறமையைத் திருத்திக்கொள்ள வேண்டிய நிலை மகேஷ் சந்திரருக்கு வந்தது. பிழைக்க வந்த ஊரில் வாழ்கிற எவருக்கும் இது புரியாத விஷயம் அல்ல. அவர் விதிகளைக் கற்றுக்கொண்டார். ஆனால் தன் ஆட்டத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

1850-ல் லண்டனில் ஸ்டான்டன் நடத்திவந்த சதுரங்கப் பத்திரிகையில் இந்தச் சந்திப்பைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து எழுதிய கடிதம் வெளியாயிற்று. காக்ரேனுக்கு ஈடுகொடுக்கக்கூடியவர் கல்கத்தாவில் இவர் ஒருவரே என்று அதில் தெரிவிக்கப்பட்டிருந்தது.

ஒரு குதிரைப் பலி

1848-ல் இருவரும் ஆடிய ஓர் ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. அதில் காக்ரேன் வெள்ளை. தொடக்கத்தில் நான்காவது நகர்த்தலிலேயே அவர் தன் குதிரையைக் கொண்டுபோய், கறுப்பு ராஜாவின் காலடியில் நின்ற சிப்பாயை வெட்டினார். குதிரை போயிற்று. பதிலுக்குக் கிடைத்தவை இரண்டு சிப்பாய்களும், வெளியே இழுக்கப்பட்ட ஒரு ராஜாவும்தான். அந்த ஆட்டத்தில் காக்ரேன் வென்றார்.

அந்தத் தொடக்கத்துக்குக் காக்ரேன் பலி என்று பெயர் வைத்தார்கள். அதற்கு 151 ஆண்டுகளுக்குப் பிறகு, 1999-ல் ஸ்பெயின் நாட்டு லினாரெஸ் போட்டியில், பல்கேரியாவின் டொபலோவ் ரஷ்யாவின் கிராம்னிக்குக்கு எதிராக அதையே ஆடிக்காட்டினார். ஆட்டம் சமனில் முடிந்தது.

காக்ரேன் செய்தது காக்ரேன் பெயரில் நிலைத்துவிட்டது. மகேஷ் சந்திரர் செய்தது எந்தப் பெயரில் நிலைத்தது என்பதைப் பார்ப்போம்.

நடுவை விட்டுக் கொடுத்து நடுவைப் பிடிப்பது

அக்காலத்து ஐரோப்பியருக்கு ஒரு பாடம் மனப்பாடம். பலகையின் நடுப்பகுதியைச் சிப்பாய்களால் பிடிக்க வேண்டும் என்பதே அது. வெள்ளை ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால் கறுப்பும் தன் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி எதிரே நிறுத்தும். அதுவே முறை, அதுவே மரியாதை.

மகேஷ் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. ஒரு கட்டம் மட்டும் நகரும் சிப்பாயோடு வளர்ந்தவர் அவர். அவசரப்பட்டு நடுவுக்கு ஓடும் பழக்கம் அவருக்கு இல்லை. ராஜா பக்கத்துக் குதிரையின் முன்னுள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவார். அந்தச் சிப்பாய் விட்டுச் சென்ற இடத்தில் மந்திரியைக் கொண்டுவந்து வைப்பார். மூலையில் உட்கார்ந்த மந்திரி குறுக்காகப் பலகையின் மறுமூலை வரை பார்த்துக்கொண்டிருக்கும். ராஜா அதன் பின்னால் பத்திரமாக ஒதுங்கிக்கொள்ளும்.

இதற்குள் வெள்ளைக்காரர் நடுவில் சிப்பாய்களை அடுக்கியிருப்பார். பார்ப்பதற்குக் கறுப்பு நசுங்கிக் கிடப்பதுபோல் தோன்றும். ஆனால் முன்னேறிய சிப்பாய் பின்வாங்க முடியாது. அடுக்கிய சுவரைக் காவல் காக்க ஆள் வேண்டும். எங்கே இடித்தால் சுவர் சரியும் என்று மகேஷ் சந்திரர் பார்த்துக்கொண்டே இருப்பார். சமயம் வந்ததும் இடிப்பார்.

கறுப்பு வென்ற ஓர் ஆட்டம்

இந்த முறையில் அவர் கறுப்புக் காய்களோடு காக்ரேனை வென்ற ஓர் ஆட்டம் சதுரங்க வரலாற்றில் இடம்பெற்றது. அதை நகர்த்தல் நகர்த்தலாகப் பார்ப்பது தகும்.

காக்ரேன் முதல் ஐந்து நகர்த்தல்களுக்குள் நடுவில் நான்கு சிப்பாய்களை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார். மகேஷ் சந்திரர் தன் வழக்கப்படி மந்திரியை மூலையில் அமர்த்தி, கோட்டையும் கட்டி முடித்தார். கோட்டை கட்டத் தெரியாமல் தோற்றவர் இப்போது அதே கோட்டைக்குள் ராஜாவை வைத்துக்கொண்டு ஆடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்து இன்னொரு மந்திரியை வெளியே அனுப்பி வெள்ளைக் குதிரை ஒன்றை நெருக்கினார். அந்தக் குதிரைக்குப் பின்னால் அதே குறுக்குக் கோட்டில் வெள்ளை ராணி நின்றது.

ஏழாவது நகர்த்தலில் கறுப்புச் சிப்பாய் ஒன்று நடுவுக்கு வந்து வெள்ளைச் சுவரை இடித்தது. சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. ஒன்பதாவது நகர்த்தலில் மகேஷ் சந்திரர் யாரும் எதிர்பாராததைச் செய்தார். தன் குதிரையைக் கொண்டு நடுவில் நின்ற வெள்ளைச் சிப்பாயை வெட்டினார். காக்ரேன் அந்தக் குதிரையை எடுத்துக்கொண்டார். கறுப்புச் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னேறி, வெள்ளையின் குதிரையையும் மந்திரியையும் ஒரே நேரத்தில் மிரட்டின.

காக்ரேன் பின்வாங்கும் ஆள் இல்லை. தன் மற்றொரு குதிரையைக் கறுப்பின் கோட்டைக்குள் தாவ விட்டார். அது கறுப்பு ராணியையும் யானையையும் ஒருசேரத் தாக்கியது. வேறு எவராயினும் முதலில் ராணியைத்தான் நகர்த்துவார்கள்.

மகேஷ் சந்திரர் ராணியைத் தொடவில்லை. சிப்பாயால் வெள்ளைக் குதிரையை வெட்டினார். ராணி போகட்டும் என்று விட்டுவிட்டார். காக்ரேன் ராணியை எடுத்தார். உடனே அதே கறுப்புச் சிப்பாய் இன்னொரு கட்டம் முன்னேறி இன்னொரு சிப்பாயை வெட்டி, மூலையில் நின்ற வெள்ளை யானையை மிரட்டியது. அது விலகியதும் பின்னால் இருந்த கறுப்பு மந்திரியின் பாதை திறந்தது. அந்தப் பாதையின் முடிவில் வெள்ளை ராணி. யானையையும் ராணியையும் ஒரே நகர்த்தலில் காப்பாற்ற முடியுமா? காக்ரேன் யானையைக் காப்பாற்றினார். பதினான்காவது நகர்த்தலில் வெள்ளை ராணியும் பலகையை விட்டு இறங்கியது.

புழுதி அடங்கிய பிறகு கணக்குப் பார்த்தால், காக்ரேனிடம் இரண்டு யானைகள், இரண்டு மந்திரிகள். மகேஷ் சந்திரரிடம் ஒரே யானை, இரண்டு மந்திரிகள், ஒரு குதிரை. கணக்கில் வெள்ளையே மேல். ஆனால் வெள்ளை ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. கறுப்பின் சிறு காய்கள் அதை நடுப் பலகைக்கு இழுத்துவந்து செக் மேல் செக் கொடுத்தன. கடைசியில் வென்றது கறுப்பு.

அந்தப் பலிகள் எல்லாம் அப்பழுக்கற்றவையா என்றால், இன்றைய வல்லுநர்கள் சந்தேகம் எழுப்புவார்கள். காக்ரேன் நிதானித்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று காட்டுவார்கள். ஆனால் தாக்குதலுக்கே பெயர் பெற்ற ஒருவரை, தற்காத்து நிற்க வேண்டிய கறுப்புக் காய்களை வைத்துக்கொண்டு, அவர் பாணியிலேயே மடக்கிவிட்டார் என்பதில் சந்தேகமில்லை.

தோற்ற ஆட்டத்திலும் ஒரு புதுமை

வென்ற ஆட்டம் மட்டும்தான் வரலாறு என்பதில்லை. 1855-ம் ஆண்டு மே மாதம் இருவரும் ஆடிய ஓர் ஆட்டத்தில் மகேஷ் சந்திரர் கறுப்புக் காய்களோடு தோற்றார். வெள்ளைக் குதிரை அவர் ராஜாவின் அருகில் பாய்ந்து விழுந்தது, அடுத்த மூன்று நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்துவிடும் என்ற நிலை.

ஆனால் அந்த ஆட்டத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியபின் மூன்றாவது நகர்த்தலில் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நடுவில் மோதினார். குதிரைகளை மாற்றிக்கொண்டு, வெள்ளையைப் பெரிய நடுப்பகுதி அமைக்கவிட்டு, பிறகு மூலை மந்திரியாலும் பக்கச் சிப்பாயாலும் அதை அரித்தார்.

இதே முறையை 67 ஆண்டுகளுக்குப் பிறகு, 1922-ல் ஆஸ்திரிய நாட்டு எர்ன்ஸ்ட் கிரன்பெல்ட் பெரும் போட்டிகளில் புகுத்தினார். அவ்வாண்டு வியன்னா போட்டியில் கறுப்புக் காய்களோடு ஆடி, பின்னாளில் 1927-ல் உலகச் சாம்பியனான அலெக்கைனையே இந்த முறையில் வென்றார். அன்றிலிருந்து அதற்குக் கிரன்பெல்ட் தற்காப்பு என்று பெயர். மே மாதத்து வெக்கையில் கல்கத்தாவில் அதை முதலில் ஆடியவரின் பெயர் தொடக்கத்தோடு ஒட்டவில்லை.

பணம் போயிற்று, ஆள் போகவில்லை

1851-ல் லண்டனில் உலகின் முதல் சர்வதேசச் சதுரங்கப் போட்டி நடந்தது. ஜெர்மானியரான ஆண்டர்சன் முதலிடம் பெற்றார். அந்தப் போட்டிக்குக் கல்கத்தா மன்றத்திலிருந்து நிதி உதவி சென்றது. ஆனால் கல்கத்தாவின் சம்பள ஆட்டக்காரர் அங்கே போகவில்லை. பல ஆண்டுகள் மன்றத்தில் காக்ரேனின் எதிரே உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்தார். பெரும்பான்மை ஆட்டங்களில் காக்ரேன் வென்றார். ஆயினும் அவருக்கு அடுத்த இடத்தில் மகேஷ் சந்திரர் இருந்தார் என்பதை ஆட்டப் பதிவுகள் காட்டுகின்றன. சியாமாசரண் கடக் என்ற இன்னொரு வங்காளியும் காக்ரேனோடு ஆடினார். அவரும் இதே பாணிக்காரர்தான்.

இந்த ஆட்டங்கள் காற்றோடு போகாமல் நமக்குக் கிடைத்ததற்குக் காக்ரேனும் ஒரு காரணம். அவர் வென்றதையும் தோற்றதையும் சேர்த்தே லண்டன் பத்திரிகைகளுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. அவை அச்சேறின. ஆளும் இனத்தைச் சேர்ந்த பெரிய வழக்கறிஞர் ஒருவர், தன் மன்றத்துச் சம்பளக்காரரிடம் தோற்றதை உலகம் அறியட்டும் என்று விட்டது பெருந்தன்மைதான். காக்ரேன் பிற்பாடு லண்டனுக்குத் திரும்பி 1878-ல் காலமானார்.

பெயர் வந்த விதம்

1884-லேயே இந்தியத் தற்காப்பு என்ற சொல் அச்சில் வந்துவிட்டது. காக்ரேனுக்கு எதிராக மகேஷ் சந்திரர் ஆடிய முறை என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். ஆனால் அக்கால ஐரோப்பியர் அதை ஒரு விசித்திரமாகத்தான் பார்த்தார்கள். நடுவை விட்டுக் கொடுப்பவன் தோற்பான் என்ற எண்ணம் மாறவில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. நிம்சோவிச், ரெட்டி, டார்டகோவர், கிரன்பெல்ட் போன்ற இளம் ஆட்டக்காரர்கள் கிளம்பினார்கள். நடுவைச் சிப்பாய்களால்தான் பிடிக்க வேண்டுமா, தூரத்திலிருந்து மந்திரியாலும் குதிரையாலும் அடக்கி ஆளக்கூடாதா என்று கேட்டார்கள். அவர்களுடைய தொடக்கங்கள் பலவற்றுக்கு இந்திய என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதை நவீனத்துக்கும் மேற்பட்ட நவீனம் என்று ஐரோப்பா கொண்டாடியது. கல்கத்தாவுக்கு அது எழுபது ஆண்டுப் பழசு.

பின்னர் வந்த பெரியவர்கள் பலருக்கும் அது கைவாளாயிற்று. 1956 அக்டோபர் 17-ம் தேதி நியூயார்க் போட்டி ஒன்றில் 13 வயதுப் பையன் ஒருவன் கறுப்புக் காய்களோடு டொனால்டு பைரன் என்ற மாஸ்டரைச் சந்தித்தான். கிரன்பெல்ட் தற்காப்பு ஆடினான். 17-வது நகர்த்தலில் தன் ராணியை எதிரி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, சிறு காய்களால் வெள்ளை ராஜாவைத் துரத்தி 41-வது நகர்த்தலில் முடித்தான். அந்தப் பையன் பாபி பிஷர். அந்த ஆட்டத்துக்கு நூற்றாண்டின் ஆட்டம் என்று பெயர். மூலையில் மந்திரி, விட்டுக் கொடுத்த ராணி, துரத்தப்பட்ட ராஜா என்ற இந்த வரிசையைக் கல்கத்தா மன்றம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தது.

இன்று

இந்திய விதியில் ஆடிப் பழகி வெள்ளையரை வென்ற இன்னொருவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனவர். முன்னாள் உலகச் சாம்பியன் காப்பாபிளாங்காவை ஹேஸ்டிங்ஸில் வீழ்த்தியவர். 1966-ல் காலமான அவருக்கு, உலகச் சதுரங்கச் சங்கம் 2024-ல் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது. தாமதமானாலும் ஒரு மரியாதை நடந்தது.

மகேஷ் சந்திரருக்குப் பட்டம் ஏதும் இல்லை. அவர் காலத்தில் பட்டங்களே இல்லை. ஆனால் அவர் ஆடிய முறை ஒவ்வொரு நாளும் எங்காவது ஒரு பலகையில் ஆடப்பட்டுக்கொண்டிருக்கிறது.

2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் கடைசியான 14-வது ஆட்டம் நடந்தது. சென்னையைச் சேர்ந்த குகேஷ் அன்று கறுப்புக் காய்களோடு உட்கார்ந்தார். அதுவரை இருவருக்கும் சம புள்ளிகள். சீனாவின் டிங் லிரனை அந்த ஆட்டத்தில் வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். தமிழர் வீடுகளில் எல்லாம் அன்று மகிழ்ச்சி. பள்ளுருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் அதைப் பற்றிப் பேசாத தமிழர் குறைவு.

இனி பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் இந்தியத் தற்காப்பு என்ற சொல்லைப் பார்க்கும்போது, அது ஒரு நாட்டின் பெயர் மட்டும் என்று நினைத்துக் கடந்துவிட வேண்டியதில்லை. மாதச் சம்பளத்துக்கு ஆடிய ஒரு மொபசல் மனிதர், பிறர் விதியைக் கற்றுக்கொண்டும் தன் ஆட்டத்தைக் கைவிடாததால் வந்த பெயர் அது. பிள்ளைகளுக்குக் காய் நகர்த்தக் கற்றுக் கொடுக்கிறவர்கள் அதோடு மகேஷ் சந்திர பானர்ஜி என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம்.